அம்மாவின் கன்னத்துக்குள் வெள்ளைப் படலம், போயிலையாலா?

சுங்கைசிப்புட்_மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 67 வயசு. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவங்க. விடியறதுக்கு முந்தி மரத்தடிக்குப் போகணும், பசி தெரியக் கூடாதுன்னு வெத்தலை பாக்கோடு போயிலையை இடது கன்னத்தில் ஒதுக்கிக்குவாங்க. காலில் அட்டை ஏறினா அந்தச் சாற்றைத்தான் துப்பி விடுவாங்க. தோட்டம் செம்பனையா மாறி, நாங்களும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தாச்சு. அந்த ஒதுக்கல் மட்டும் போகல.

போன வாரம் ரசம் பட்டதும் கண்ணில் தண்ணி வந்துருச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தேன். போயிலை இருக்கிற அதே இடத்தில் ஐம்பது காசு அகலத்துக்குக் கஞ்சி காய்ஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை. ஒரு ஓரம் சிவப்பு. "சூட்டுக் கொப்புளம், நெய் தடவினா போயிரும், சும்மா இருக்கும்போது வலியே இல்லையே"ங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு. போயிலையை நிறுத்திட்டு வெறும் வெத்தலை பாக்கு போடச் சொல்லலாமா?

பழைய_டிரஸ்ஸர்:
தங்கச்சி, நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸரா, அதாவது மருத்துவ உதவியாளரா இருந்தவன். சுத்தமான ஈரத்துணியை விரலில் சுத்தி மெதுவா துடைச்சுப் பாருங்க. வழிச்சா வர்ற வெள்ளை பெரும்பாலும் பூஞ்சையா இருக்கும். வராம ஒட்டிக்கிட்டே இருந்தா லூக்கோபிளேக்கியாங்கிற வெள்ளைப் படல நோயா இருக்கலாம். அது எல்லாமே புத்துநோயா மாறாது, ஆனா சிலது மாறும். சிவப்பு கலந்தது இன்னும் ஆபத்து. வலி இல்லைங்கிறதை நம்பாதீங்க, வாய்ப் புத்துநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. ரெண்டு வாரத்தில் ஆறாத புண்ணைக் காட்டியே ஆகணும். நெய், மஞ்சள்னு தடவிக் காலத்தை ஓட்டாதீங்க.

வெறும் பாக்கு யோசனையை விட்டுருங்க. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1985-இல் போயிலை சேர்த்த வெத்தலையையும், 2004-இல் பாக்கையே தனியாவும் புத்துநோய் உண்டாக்கும்னு உறுதி பண்ணிருச்சு. பாக்கு வாய்க்குள்ளே சதையை நார் மாதிரி இறுக்கும், கடைசியில் வாயே திறக்க முடியாம போகும். அம்மாவை வாயைத் திறக்கச் சொல்லி, அவங்க விரலையே நிமிர்த்தி அடுக்கி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் விடச் சொல்லுங்க. மூணு விரல் போகணும்.

லாரி_அண்ணன்:
நான் சிகரெட் ஆள். பல் தேய்க்கும்போது ரத்தமே வராது, ஈறு கெட்டியா இருக்குன்னு இருந்தேன். நிக்கோடின் ரத்தக்குழாயைச் சுருக்கிடுது, அதான் வரலைன்னு பல் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினாங்க. கீழே எலும்பு கரைஞ்சு நாலு பல் ஆடுது. ஒண்ணைப் பிடுங்கினப்போ குழி ஆறவே ரொம்ப நாளாச்சு. அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க தங்கச்சி.

பல்கிளினிக்_நர்ஸ்:
அரசாங்கப் பல் கிளினிக்குக்கே நேரா வாங்க. குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). வரும்போது எத்தனை வருஷமா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, ராத்திரி வாயில் வெச்சுக்கிட்டே தூங்குவாங்களான்னு சரியா சொல்லுங்க. சந்தேகம் இருந்தா ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பாங்க. அங்கே ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பாங்க. அம்மாகிட்ட திட்டாம பேசுங்க. இத்தனை வருஷப் பழக்கம், விடும்போது எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். வீட்டில் எல்லாரும் பொறுத்துக்கணும். நிறுத்தினா படலம் சிறுசாக வாய்ப்பு இருக்கு, ஆனாலும் பரிசோதனை கண்டிப்பா வேணும்.

சுங்கைசிப்புட்_மகள்:
இப்போதான் பார்த்தேன். துணியில் ஒண்ணும் வரல. விரல் ரெண்டுதான் போச்சு, மூணாவதுக்கு அம்மா தலையைப் பின்னால சாய்ச்சும் போகல. "வயசானா இப்படித்தான்"னு சொன்னாங்க, ஆனா குரல் இறங்கிருச்சு. திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுக் காலையிலேயே கூட்டிட்டுப் போறேன். முடிவு வந்ததும் இங்கேயே எழுதறேன்.