கடை இன்சூரன்ஸ் ரினீவலோடு பென்ஷன் பிளானும் எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா?

கல்லாப்பெட்டி:
தூத்துக்குடியில் அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பைப், மோட்டார், வயர், பெயிண்ட் எல்லாம் உண்டு. கடைக்கு ஓடி (வங்கி ஓவர்டிராஃப்ட் கடன்) இருப்பதால் வங்கியே வருடா வருடம் ஸ்டாக்குக்கு இன்சூரன்ஸ் போட்டு கணக்கில் பிடித்துக்கொள்ளும், நாங்கள் அந்தப் பேப்பரைப் பிரித்துப் பார்த்ததே கிடையாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எப்படியோ தப்பித்தோம். பக்கத்துத் தெருக் கடைக்காரருக்கு 10 லட்சம் ரூபாய் சரக்கு போனது, இன்சூரன்ஸில் கைக்கு வந்தது 4 லட்சம், ஏன் என்று அவருக்கே இன்னும் விளங்கவில்லை. இப்போது எங்களுக்கு ரினீவல். அப்பாவுக்கு 62 வயது, நிலம் விற்ற 25 லட்சம் கையில் இருக்கிறது, அதைப் பென்ஷன் பிளானில் போட்டால் ஓடி ரினீவலும் சீக்கிரம் முடியும் என்று வங்கியில் சொல்கிறார்கள். எங்கே ஏமாறுவோம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சர்வேயர்:
தம்பி, அந்தக் கடைக்காரர் 30 லட்சம் சரக்கு வைத்துக்கொண்டு 12 லட்சத்துக்குப் பாலிசி எடுத்திருந்தால் இந்தக் கணக்குதான் வரும். நாற்பது சதவீதத்துக்குத்தானே எடுத்தார், எது போனாலும் அதில் நாற்பது சதவீதம்தான் கிடைக்கும். நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர்கள் நாங்கள் நனைந்த சரக்கை மட்டும் எண்ணுவதில்லை, அன்றைக்கு மொத்தம் எவ்வளவு இருந்தது என்று பில், ஸ்டாக் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் புரட்டுவோம். 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் (சிறு கடைகளுக்கான தீ பாலிசி, வெள்ளமும் அதில் அடக்கம், ஒரே இடத்தில் 5 கோடி வரை) எடுத்த தொகை சரக்கு மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள், அதைத் தாண்டினால் வெட்டுதான். சரி, உங்கள் பாலிசியில் என்ன முகவரி போட்டிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்.

கல்லாப்பெட்டி:
பார்த்தேன் சார், தலை சுற்றுகிறது. கடை முகவரி மட்டும்தான் இருக்கிறது. பாதிச் சரக்கு பின்தெரு குடோனில் கிடக்கிறது, அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. தொகை 20 லட்சம், ஆறு வருடமாக அதே தொகை. இன்றைய சரக்கு 38 லட்சத்துக்குக் குறையாது.

பழைய சர்வேயர்:
குடோன் முகவரி இல்லையென்றால் அங்கே அழிகிற சரக்குக்கு ஒரு பைசா வராது, முதலில் அதை எழுதிக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். பெயிண்ட்டோடு சட்டென்று தீப்பிடிக்கும் தின்னரும் விற்பீர்கள்தானே, அதை மறைக்காதீர்கள், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. தீபாவளிக்கு முன்னால் சரக்கு எவ்வளவு ஏறுமோ அந்த அளவுக்கு எடுங்கள். இன்னொன்று, பலர் விடுவது: அழிந்த சரக்குக்கு எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டை (வாங்கும்போது கொடுத்த வரிக்காகக் கழித்துக்கொண்டதை)த் திருப்பிக் கட்ட வேண்டிவரும், அதனால் வரியையும் சேர்த்து மதிப்புப் போடலாமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். பூட்டை உடைத்துத் திருடினால் அதற்குத் தனிப் பாலிசி, தீ பாலிசியில் வராது.

கணக்கு டீச்சர்:
பென்ஷன் விஷயம் நான் சொல்கிறேன். அடமானச் சரக்குக்கு இன்சூரன்ஸ் வேண்டும் என்று வங்கி கேட்பது நியாயம்தான். ஆனால் இந்தக் கம்பெனியில்தான் எடு என்று கட்டாயப்படுத்த முடியாது, பென்ஷன் பிளானுக்கும் ஓடிக்கும் சம்பந்தமே இல்லை. மாதம் எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள்?

கல்லாப்பெட்டி:
14,000. அப்பாவுக்குப் பிறகு 25 லட்சமும் எங்களுக்கு வந்துவிடுமாம்.

கணக்கு டீச்சர்:
வருடம் 1,68,000, அதாவது 6.7 சதவீதம் சொச்சம். அதுவும் வருமானமாகக் கணக்காகும், வரி உண்டு. இருபது வருடம் கழித்தும் அதே 14,000தான், அன்றைக்கு அரிசி விலை என்ன இருக்குமோ. அம்மா இருக்கிறார்களா? இருந்தால் அப்பாவுக்குப் பின் அம்மாவுக்கும் தொடரும் கூட்டு ஆப்ஷனைக் கேளுங்கள், இல்லையென்றால் அப்பாவோடு மாதப் பணம் நின்றுவிடும். போட்ட முதல் திரும்ப வராத ஆப்ஷனில் மாதத் தொகை கூடும், அதையும் எழுதி வாங்குங்கள். பிறகு போஸ்ட் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பாருங்கள், 30 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம். ஆனால் அதற்கு அப்புறம் வட்டி என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆயுசு முழுக்க ஒரே தொகை வேண்டும் என்பவர்களுக்குத்தான் பென்ஷன் பிளான். கடை வைத்திருப்பவர் மொத்தத்தையும் அதில் பூட்டினால் அவசரத்துக்கு நினைத்தபடி எடுக்க முடியாமல் வட்டிக்குக் கடன் தேடி அலைவார். கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் என்றால் திருப்பிக் கொடுக்கலாம்.

கல்லாப்பெட்டி:
இன்னும் போடவில்லை டீச்சர். குடோன் முகவரியோடு 45 லட்சத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரீமியம் கூடுகிறதே என்று அப்பா முணுமுணுத்தார், பக்கத்துக் கடைக்காரர் கணக்கைச் சொன்னதும் பேசாமல் செக் புத்தகத்தை எடுத்தார். பென்ஷனில் 10 லட்சம் மட்டும், அம்மா பெயரும் சேர்த்து, எவ்வளவு வரும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், வந்ததும் இங்கேயே போடுகிறேன்.