காரைக்குடிப் பக்கம் ஐ.பி. பாடத்திட்டம் தேவையா? தேடல்வழிக் கற்றல் பற்றி ஒரு விவாதம்

முற்றம்:
நம் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் சில, ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்துக்கு மாறலாமா என்று யோசிக்கின்றன. பெற்றோர் கூட்டங்களில் பேச்செல்லாம் கட்டணத்தையும் கட்டடத்தையும் தாண்டுவதில்லை. பிள்ளைகளே கேள்வி எழுப்பி விடை தேடும் தேடல்வழிக் கற்றலால் வகுப்பறைக்குள் என்ன மாறும் என்று பேசுவோம். மாற வேண்டும், அதுவும் தொடக்கப் பள்ளியில் கண்டிப்பாக மாற வேண்டும் என்பது என் கட்சி.

ஐ.பி. அமைப்பு 1968இல் ஜெனீவாவில் தொடங்கியது. முதலில் மேல்நிலைக்கான இரண்டாண்டு டிப்ளமா மட்டும்தான். 1994இல் நடுநிலைத் திட்டமும் 1997இல் தொடக்கநிலைத் திட்டமும் வந்தன. தொடக்கநிலையில் 'உலகம் எப்படி இயங்குகிறது', 'பூமியைப் பகிர்ந்துகொள்ளல்' என்பதுபோல ஆறு பெருந்தலைப்புகள். கணக்கும் அறிவியலும் மொழியும் அவற்றுக்குள் சேர்ந்தே நடக்கும். அந்தத் தலைப்புக்குள் எதை ஆராய்வது என்பதைப் பள்ளிதான் முடிவு செய்கிறது. ஐந்தாம் வகுப்புக்கு நம்மூர் ஊரணியையே எடுக்கலாம்.

முதலில் மழைமானி. இரண்டு லிட்டர் பாட்டிலை, உடம்பு நேராக இருக்கும் இடத்தில் வெட்டி, மேல்பாகத்தைத் தலைகீழாக உள்ளே செருக வேண்டும். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் அங்கே அளவு தப்பும். கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்ஜியமாகக் குறிக்க வேண்டும். சுவரோ மரமோ இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். வானிலைத் துறை எடுப்பதுபோலக் காலை 8.30 மணிக்கு அளவெடுக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் 20 மி.மீ. பெய்தால் 4,000 லிட்டர். ஓடு உறிஞ்சுவது, தெறிப்பது போக எண்பது சதவீதம் என்று வைத்தாலும் 3,200 லிட்டர். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது, ஊரணிக்கு வரும் வரத்துக்கால் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்ற கேள்விகள் பிள்ளைகளிடமிருந்தே வரும். பெருக்கலும் பரப்பளவும் ஊர் வரைபடமும் ஒரே வேலையில் கைக்கு வந்துவிடுகின்றன.

ஐந்தொகை:
அண்ணே, மழைமானி செய்முறையில் எனக்குக் குறையில்லை. ஆனால் 200ஐ 20ஆல் பெருக்கத் தடுமாறும் பிள்ளைக்கு அங்கே கூரையும் புரியாது, மழையும் புரியாது. புதிதாகக் கற்பவரின் மனம் ஒரே நேரத்தில் சில செய்திகளைத்தான் தாங்கும். அடிப்படை மனப்பாடமாக இல்லாவிட்டால், தேடுவதிலேயே அந்த இடம் தீர்ந்துவிடுகிறது. பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை இதைத்தான் வாதிட்டது: வழிகாட்டல் குறைந்த கற்பித்தல், தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குப் பலன் தருவதில்லை. பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வில், 2015ஆம் ஆண்டு, அறிவியல் வகுப்பில் தேடல்வழிச் செயல்கள் அடிக்கடி நடப்பதாகச் சொன்ன மாணவர்களின் மதிப்பெண் பெரும்பாலான நாடுகளில் குறைவாகவே இருந்தது. ஆசிரியர் முன்னின்று விளக்கும் வகுப்புகளில் கூடுதலாக இருந்தது.

வட்டித் தொழில் செய்த நம் நகரத்தார் கணக்கில் கெட்டியாக இருந்தது எதனால்? எண்சுவடி, அதாவது பழைய வாய்ப்பாட்டுப் புத்தகம். மா என்றால் இருபதில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. இதெல்லாம் நாவில் நின்ற பிறகுதான் பையன் வட்டிக் கணக்குப் பக்கமே போனான்.

முற்றம்:
எண்சுவடி முடிந்ததும் அவன் எங்கே போனான் என்பதையும் சொல்ல வேண்டும். வட்டிக் கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்கோ பினாங்குக்கோ போய், உண்மையான பேரேட்டில் உண்மையான கடனைப் பதிந்துதான் தொழிலைக் கற்றான். தப்பு விட்டால் அன்று இருப்பு நேராகாது, நேராகும் வரை எழுந்திருக்க முடியாது. அதுவும் தேடல்வழிக் கற்றல்தான், அடிப்படை இருந்ததால் பலித்தது.

பீசா கணக்கில் எது காரணம், எது விளைவு என்பது வராது. பின்தங்கிய வகுப்புகளில்தான் ஆசிரியர்கள் செயல்முறைகளைக் கூட்டியிருக்கலாம். நான் சொல்வது 'நீயே கண்டுபிடி' என்று கைகழுவும் வகுப்பு இல்லை. முதல் பதினைந்து நிமிடம் நேரடியாகக் கற்பித்தல், வாய்ப்பாடு தினமும் தனியாக, அதன் பிறகே கேள்வி.

கோட்டையூர் வேதியியல்:
எட்டாம் வகுப்புக்கு மேல் இந்த முறை வேண்டும், தொடக்கப் பள்ளியில் அவசரம் வேண்டாம் என்பது என் நிலை. நம் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரை ஓட்டையே சோதனையாக எடுத்துப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, மேலே உலர்ந்த சிமெண்ட்-மணல் தூவி, அதன் மேல் ஈரக்கலவை நிரப்பி, பிறகு தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியைத் தொட்ட முகம் வழவழப்பாகிறது. 'ஆக்சைடு வண்ணம் கூடினால் ஓட்டின் உறுதி என்னாகும்' என்பது நல்ல கேள்வி. சிமெண்ட் எடையில் 5, 10, 20 சதவீதம் என்று மூன்று ஓடு போட்டு, ஏழு நாள் ஊறிய பிறகு ஈரத் துணியால் தேய்த்தும் நாணயத்தால் கீறியும் பார்க்கலாம். பத்தைத் தாண்டினால் பொதுவாக உறுதி குறையும், வண்ணமும் துணியில் ஒட்டிக்கொண்டு வரும்.

சோதனை பெரும்பாலும் கெட்டுப்போவது கரண்டியால்தான். ஆக்சைடும் சிமெண்ட்டும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது, தராசுதான் வேண்டும். மூன்று கலவைக்கும் ஒரே அளவு தண்ணீர் சேராவிட்டால் எதனால் வித்தியாசம் வந்தது என்று சொல்லவே முடியாது. சிமெண்ட் கடுமையான காரம், கையுறை இல்லாமல் பிள்ளைகளைத் தொடவிடக் கூடாது. இத்தனையையும் முன்கூட்டித் தெரிந்த ஆசிரியர் இல்லாத வகுப்பில் மிஞ்சுவது சாயம் பூசிய கல்தான்.

ஐந்தொகை:
அங்கேதான் என் கவலையும். நல்ல ஆசிரியரைப் பயிற்சிக்கு அனுப்பினால், திரும்பி வந்ததும் மதுரையோ சென்னையோ அவரை அழைத்துக்கொள்கிறது. செயல்வழிக் கற்றல் 2007 வாக்கில் அரசுப் பள்ளிகளுக்குப் பரவலாக வந்தது. பாடத்தைப் படிகளாகப் பிரித்த ஏணியும், ஒவ்வொரு படிக்கும் பிள்ளை தானே செய்யும் அட்டையும் நல்ல யோசனைதான். அட்டை கிழிந்து காணாமல் போனதும் பிள்ளை அதே படியில் நின்றது. ஒரே ஆசிரியர் நாற்பது பேரின் படியைக் குறித்துக்கொண்டே பொழுதைக் கழிக்க வேண்டியதாயிற்று. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் நம் புத்தகத்திலேயே செயல்முறையைச் சேர்த்திருக்கிறது. பன்னாட்டுப் பெயருக்கு எதற்குத் தனிப் பணம்?

முற்றம்:
பெயருக்காக இல்லை. மற்றவர் கண்ணால் பார்க்கும் பழக்கத்துக்காக. கொடி நட்டு, நாலு நாட்டுச் சாப்பாடு வைக்கும் நாளைப் பன்னாட்டு நோக்கு என்று சொன்னால் நானும் எதிர்ப்பேன். ஒன்பதாம் வகுப்பில் பர்மாவை எடுங்கள். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கைக்கு வந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். நெல் விலை சரிந்ததும் கடன் திரும்பாமல், அடமான நிலம் வந்து சேர்ந்தது. நம் வீட்டுக் கதையில் இது 'வராத கடனுக்கு வந்த நிலம்'. பர்மிய விவசாயிக்கு இது பரம்பரை நிலம் போன நாள். இரண்டு பக்கமும் வாசிக்கும் பிள்ளைதான் உலகத்துக்குத் தயாராகிறது.

இணையத்தில் தேடச் சொன்னால் பிள்ளைகள் நகலெடுத்துவிடுவார்கள். ஆசிரியர் நான்கு பக்கம் சான்றைத் தேர்ந்து கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எந்தப் பக்கம் ஆதாரம் என்று எழுத வைக்க வேண்டும்.

தேவகோட்டை ஆச்சி:
சான்று, மழைமானி எல்லாம் சரி தம்பிகளா. டாக்டருக்குப் படிக்க நினைக்கும் பிள்ளை இந்த டிப்ளமாவை எடுத்தால் நீட் எழுத முடியுமா? தமிழ் என்னாகும்?

கோட்டையூர் வேதியியல்:
எழுதலாம் ஆச்சி, ஆனால் பாடத் தேர்விலேயே சறுக்கல் வரும். டிப்ளமாவுக்கு ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் உச்சம் 7. 'நமக்குத் தெரிந்தது எப்படித் தெரியும்' என்று ஆராயும் அறிவுக் கோட்பாட்டுக்கும், மாணவர் தானே ஆய்ந்து எழுதும் நீள்கட்டுரைக்கும் சேர்த்து 3. மொத்தம் 45, தேறக் குறைந்தது 24. ஆழமாகப் படிக்கும் 'உயர்நிலை'ப் பாடத்துக்கு 240 மணி நேரம், அளவாகப் படிக்கும் 'பொதுநிலை'க்கு 150. வழக்கமான அமைப்பில் இரண்டு அறிவியல்தான் எளிதாக அமையும். நீட்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். மூன்றாவதுக்காக வேறொரு பாடத்தை விட, பள்ளி முன்கூட்டியே ஐ.பி.யிடம் அனுமதி வாங்க வேண்டும். பதினோராம் வகுப்புத் தொடக்கத்தில் இதைக் கேட்காவிட்டால் பிறகு திருத்த வழியில்லை. நீட் கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. பாடத்தையொட்டி வருவதால் அதற்குத் தனியாகப் படித்தே ஆக வேண்டும். பொறியியல் என்றால் கணிதத்தில் 'பகுப்பாய்வு' வகையை உயர்நிலையில் எடுக்க வேண்டும், 'பயன்பாடு' வகை ஜே.இ.இ.க்குப் போதாது. மே மாதத் தேர்வின் முடிவு ஜூலை முதல் வாரத்தில்தான் வரும், கலந்தாய்வுத் தேதிகளை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தமிழுக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில்கூட, தாய்மொழி இலக்கியத்தைப் பள்ளியின் துணையோடு தானே படிக்கும் பொதுநிலை வழி உண்டு. பள்ளி தானாகச் சொல்லாது, கேட்டு வாங்க வேண்டும்.

ஐந்தொகை:
மேல்நிலையில் இவ்வளவு சிக்கல் இருக்க, என் வாக்கு இன்னும் சமச்சீருக்குத்தான். சேர்க்க நினைப்பவர்கள் பள்ளியிடம் இரண்டு தாள் கேளுங்கள்: தினமும் வாய்ப்பாட்டுக்கும் வாசிப்புக்கும் எத்தனை நிமிடம் என்ற கால அட்டவணை, இரண்டாண்டுக்கு முன் பயிற்சி பெற்ற ஆசிரியர்களில் இன்றும் இருப்பவர்களின் பட்டியல்.

முற்றம்:
அவற்றோடு மூன்றாவதாக அங்கீகாரக் கடிதம். 'விண்ணப்ப நிலைப் பள்ளி' என்றால் இன்னும் அங்கீகாரம் கிடைக்கவில்லை என்று பொருள், விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கிடைத்த பிறகும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மதிப்பீடு உண்டு, கடைசி அறிக்கையையும் கேளுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே கேள்வி, ஒரே விடை, ஒரே படம் இருந்தால் அந்தப் பள்ளிக்குக் கூடுதல் கட்டணம் கொடுக்க வேண்டாம்.