வங்கி வாசலில் சாய்தளம் இருக்கிறது, ஆனால் ஏற முடியவில்லை. என்ன செய்யலாம்?

மதுரை மல்லி:
வணக்கம். போலியோவால் சிறு வயதிலிருந்தே எனக்குச் சக்கர நாற்காலிதான். எங்கள் பகுதி வங்கிக் கிளையில் போன வருடம் சாய்தளம் கட்டினார்கள். வாசல் ஓரடி உயரம், சாய்தளமோ நாலடி நீளம்தான். வழுவழு டைல்ஸ் வேறு. தம்பி பின்னால் நின்று தள்ளினால் ஒருவழியாக ஏறிவிடலாம். தனியாகப் போனால்தான் பெரும் பாடு. சரிவு கதவடியிலேயே முடிகிறது, கண்ணாடிக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. கதவை இழுக்க ஒரு கையை எடுத்தால் நாற்காலி ஒருபக்கமாகத் திரும்பிப் பின்னால் உருள்கிறது. "வெளியிலேயே இருங்கம்மா, ஆளனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கிறேன்" என்கிறார் மேலாளர். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் என் பண விவகாரத்தைத் தெருவில் வைத்துப் பேச எனக்கு மனமில்லை. எப்படிக் கேட்டால் சரிசெய்வார்கள்?

சைட் இன்ஜினியர்:
அக்கா, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அரசு வழிகாட்டுதல் சொல்லும் சரிவு 1:12. மேலே கதவுக்கு முன்னால் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம், இருபுறமும் கைப்பிடி. இடமில்லை என்பார்கள். சுவரை ஒட்டிக் கொண்டுபோய், நடுவில் சமதளம் விட்டுத் திருப்பலாம். டைல்ஸுக்குப் பதில் சொரசொரப்பான தரை போடச் சொல்லுங்கள்.

காலிப்பர்க்காரன்:
ஒரு வேண்டுகோள், படியை இடிக்கச் சொல்லிவிடாதீர்கள். காலைத் தாங்கும் காலிப்பர் சட்டம் போட்டால் கணுக்கால் மடங்காது, சரிவில் ஏறும்போது உடம்பு பின்னால் சாயும். கைப்பிடி உள்ள படிதான் எனக்கு வசதி. இரண்டும் இருக்கட்டும்.

சட்டம் படித்தவள்:
2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அரசோ தனியாரோ, சேவை தருபவர்கள் விதிகள் வந்த இரண்டு ஆண்டுக்குள் வசதி செய்திருக்க வேண்டும். விதிகள் 2017இலேயே வந்துவிட்டன. சாய்தளத்தின் மேல் அளவு டேப்பை விரித்துவைத்துப் படமெடுத்து மனுவோடு இணையுங்கள். ஒரு பிரதி வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு, இன்னொன்று திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில். பொதுத்துறை வங்கி என்றால் டெல்லியிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்கும் புகார் அனுப்பலாம். ஒப்புகை வாங்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

மதுரை மல்லி:
மிக்க நன்றி. படியையும் விட்டுவைக்கும்படி கட்டாயம் எழுதுகிறேன். பக்கத்திலேயே அவர்களுடைய ஏடிஎம் இருக்கிறது, அதற்குச் சாய்தளமே இல்லை. இதே மனுவில் சேர்க்கலாமா?

சட்டம் படித்தவள்:
சேருங்கள். உள்ளே கீபேட் உங்கள் கைக்கு எட்டுமா என்று யாரையாவது அளந்து வரச் சொல்லி, அதையும் எழுதுங்கள்.