பைக் ஏற்றும் சரக்கு டிரெய்லரைத் தங்கும் வண்டியாக மாற்றியபின் நெடுஞ்சாலையில் பின்பகுதி ஆடுகிறது: உதவி தேவை

கேள்வி: காட்பாடியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட, நாற்புறமும் தகடு அடைத்த ஒற்றை ஆக்சில் டிரெய்லர் ஒன்று உள்ளது. பந்தல் சாமான்களை ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டுச் சரக்கு டிரெய்லராகவே பதிவான வண்டி இது. இழுக்கும் வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையிலேயே பிடிக்கும் பிரேக் இதில் உண்டு. இதை இரட்டை கேபின் பிக்கப்பில் இழுத்துச் சென்று, ஆலங்காயத்திலோ போளூரிலோ அனுமதி பெற்ற இடத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து நானும் தம்பியும் பைக்கில் ஜவ்வாது மலை ஏறுவதும், இரவில் இறங்கி வந்து டிரெய்லரிலேயே உறங்குவதும் எங்கள் திட்டம்.

அமெரிக்காவில் சரக்கு டிரெய்லர்களை இவ்வாறு மாற்றுவோர் செய்வதைப் போலவே, முன்சுவரை ஒட்டிக் குறுக்காக 4 அடி அகலக் கட்டிலும், அதன் பின்னால் இரண்டு பைக்குகளும், பின்புறம் சரிவாக இறங்கும் கதவை ஒட்டி 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியுமாக அமைத்திருக்கிறோம். காலியாக ஓடும்போது டிரெய்லர் ஒழுங்காகப் பின்தொடர்கிறது. முழுச் சுமையுடன் பள்ளிகொண்டாவைத் தாண்டி 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டபின் ஒரு பேருந்து எங்களை முந்திச் சென்றாலே போதும், டிரெய்லரின் பின்பகுதி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிப் பிக்கப்பின் பின்புறத்தையும் சேர்த்து இழுக்கிறது. டயர் காற்று, சக்கர பேரிங், கொக்கியின் பூட்டு ஆகியவற்றைப் பார்த்தாயிற்று. குறை எதுவும் தென்படவில்லை.

இத்துடன் வேறு இரண்டு சந்தேகங்களும் உள்ளன. மாலையில்கூட உட்புறம் அடுப்பங்கரை போலக் கொதிக்கிறது. பைக்குகளை இறக்கிய பிறகும் பெட்ரோல் வாடை நெடுநேரம் தங்குகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பதில்: ராணிப்பேட்டை, டிரெய்லர் கட்டும் பட்டறை

தம்பி, நீங்கள் சொல்லும் அறிகுறிகள் டயரையோ பேரிங்கையோ காட்டவில்லை. பாரம் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் காட்டுகின்றன. மாட்டுவண்டி ஓட்டிய குடும்பங்களில் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்கள். பின்பாரம் கூடிய வண்டியில் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பப் பார்க்கும். டிரெய்லரிலும் அதுவேதான் நடக்கிறது. ஆனால் கொக்கி பூட்டியிருப்பதால் அது மேலே எழும்பி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, வேகம் கூடும்போது பக்கவாட்டு ஆட்டமாக வெளிப்படுகிறது.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் அமர வேண்டும். அதற்குக் கீழே போனால் காற்றடித்தாலும் பேருந்து கடந்தாலும் கிளம்பும் ஆட்டம் தானாக அடங்காது. மிகவும் மேலே போனால் பிக்கப்பின் முன்சக்கரங்கள் இலகுவாகி ஸ்டியரிங் பிடிப்பு குறையும். எனவே தயவுசெய்து எதையும் வெட்டி ஒட்டுவதற்கு முன், பைக்கும் தண்ணீரும் சாமான்களும் ஏற்றிய நிலையில் பின்வரும் அளவுகளை எடுத்துச் சொல்லுங்கள். டிரெய்லரைக் கழற்றித் தனியாக எடைமேடையில் நிறுத்தி மொத்த எடையைப் பாருங்கள். பிறகு சமதரையில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பிக்கப்பில் பூட்டும்போது கொக்கி எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் செங்கல் அடுக்கி, அதன்மேல் வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசை வைத்து, கொக்கி முனையை இறக்கி எடையைக் குறியுங்கள். கொக்கியிலிருந்து ஆக்சில் வரை உள்ள தூரமும், ஆக்சிலிலிருந்து ஒவ்வொரு பாரத்தின் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரமும் வேண்டும்.

காட்பாடி:

ஐயா, அளந்துவிட்டேன். மொத்த எடை 1,260 கிலோ. கொக்கி மேல் 68 கிலோ. கொக்கியிலிருந்து ஆக்சில் 11 அடி. பெட்டியின் முன்சுவரிலிருந்து ஆக்சில் 7 அடி. பைக்குகள் ஒரு கிளாசிக் 350, ஒரு ஹிமாலயன் 411. அவற்றின் நடுப்புள்ளி ஆக்சிலுக்கு ஓரடி பின்னால் வருகிறது. தண்ணீர்த் தொட்டியின் நடுப்புள்ளி ஆக்சிலுக்கு நாலரை அடி பின்னால்.

ராணிப்பேட்டை:

கேட்டது அனைத்தும் கிடைத்துவிட்டது. 1,260 கிலோவில் 68 கிலோ என்பது ஐந்தரை விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. ஆட்டத்திற்கு இதுவே காரணம்.

கணக்கு எளிது. ஒரு பாரத்தின் எடையை, ஆக்சிலிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, கொக்கிக்கும் ஆக்சிலுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால், அந்தப் பாரம் கொக்கியை எவ்வளவு அழுத்துகிறது அல்லது தூக்குகிறது என்பது தெரிந்துவிடும். கிளாசிக் 195 கிலோ, ஹிமாலயன் 199 கிலோ, இரண்டும் சேர்ந்து 394. அவை ஓரடி பின்னால் நிற்பதால் 36 கிலோ அளவுக்குக் கொக்கியைத் தூக்குகின்றன. தண்ணீர் 100 கிலோதான் என்றாலும் நாலரை அடி பின்னால் இருப்பதால் 41 கிலோ தூக்குகிறது. அதாவது பைக்குகளில் கால்பங்கு எடையே உள்ள தண்ணீர், பைக்குகளைவிட அதிகத் தீங்கு செய்கிறது.

உடனே தோன்றும் வழி, தொட்டியைக் கட்டிலுக்கு அடியில் முன்சுவரோரம் கொண்டுபோய் வைப்பது. அப்படிச் செய்தால் கொக்கி எடை 163 கிலோவுக்கு உயரும். 13 விழுக்காடு, கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் தண்ணீர் செலவாகும் பொருள். ஊர் திரும்பும்போது தொட்டி காலியானால் கொக்கி எடை 109 கிலோவுக்கு இறங்கி, 1,160 கிலோவில் ஒன்பதரை விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். போகும்போது அமைதியாக இருந்த டிரெய்லர் திரும்பும்போது ஆடும். கூடிக் குறையும் பாரத்தை ஆக்சிலுக்கு அருகில் வைக்க வேண்டும், மாறாத பாரத்தைக் கொண்டுதான் கொக்கி எடையைச் சரிசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே தொட்டியை, தட்டையான ஒன்றாக மாற்றி, தரைக்கு அடியில் சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவே ஆக்சிலை ஒட்டித் தொங்கவிடுங்கள். அது கொக்கியைத் தூக்கவும் செய்யாது, அழுத்தவும் செய்யாது. கட்டிலின் பின்பக்க ஒன்றரை அடியைக் கீல் வைத்து மேலே மடியும்படி செய்யுங்கள்; பயணத்தின்போது அதை மடித்துப் பூட்டிவிட்டு, பைக்குகளை இப்போது நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை அடி முன்னால் தள்ளி நிறுத்துங்கள். தொட்டியால் 41, பைக்குகளால் 54 கூடி, கொக்கி எடை இந்த வழியிலும் 163 கிலோவே வரும். தொட்டி காலியானாலும் அது குறையாது. உங்கள் பிக்கப்பின் கொக்கி தாங்கக்கூடிய செங்குத்து எடை அதன் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். 163 அதற்குள் அடங்குகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க அமைப்பு அங்கே ஏன் சரியாக வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே இவ்வேலைக்கு எடுப்பவை பெரும்பாலும் 7 அடி அகலமும் 14 அல்லது 16 அடி நீளமும் கொண்டு, 3,500 பவுண்ட், அதாவது சுமார் 1,590 கிலோ தாங்கும் ஆக்சில்கள் இரண்டு பூட்டியவை. அந்த நீளத்தில், கட்டிலுக்குப் பின்னால் நிறுத்தினாலும் பைக்குகளின் பாரம் ஆக்சில்களை விட்டு அதிகம் பின்னே போவதில்லை. இரட்டை ஆக்சிலே ஆட்டத்தைப் பெருமளவு தணிக்கும். 12 அடி ஒற்றை ஆக்சில் பெட்டிக்கு அதே வரைபடம் பொருந்தாது.

பதில்: ஆம்பூரிலிருந்து

ஐயா சொன்ன கணக்குக்கு மேல் நான் சேர்க்க வேண்டியது ஓட்டுபவருக்கான செய்தி. ஆட்டம் தொடங்கிவிட்டால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துச் சரிசெய்ய முயலக் கூடாது. பிரேக்கை அழுத்தி மிதிக்கவும் கூடாது, வேகத்தைக் கூட்டி இழுத்துவிடலாம் என்றும் எண்ணக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தால் வேகம் இறங்க இறங்க ஆட்டம் அடங்கும். பாரத்தைச் சரிசெய்து முடிக்கும்வரை முழுச் சுமையுடன் நெடுஞ்சாலையில் ஏறவே வேண்டாம்.

பைக்குகளைக் கட்டும் முறையையும் பாருங்கள், ஏனெனில் உள்ளே ஒரு பைக் அரையடி நகர்ந்தாலும் மேற்சொன்ன கணக்கு மாறிவிடும். சைடு ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டாமல், முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பிடியில் நிமிர்த்தி நிறுத்தி, ஒவ்வொரு பைக்குக்கும் நான்கு ராட்செட் பெல்ட் போடுங்கள். முன்பெல்ட்டுகளை ஹேண்டில் பாரின் நுனியில் மாட்டாமல் அதற்குக் கீழே, முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கைப் பிடிக்கும் இரும்புக் கட்டில் மாட்டி, முன்னும் பக்கவாட்டிலுமாக இழுங்கள். ஃபோர்க் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். முழுதும் அமுக்கினால் ஆயில் சீல் கெடும். 6 அடி அகலத்தில் இரண்டு ஹேண்டில்களும் இடிக்காமலிருக்க, ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் ஏற்றுங்கள். கிளம்பிச் சில கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, பெல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். முதல் குலுங்கலிலேயே அவை சற்றுத் தளரும்.

பதில்: குடியாத்தத்திலிருந்து

பெட்ரோல் வாடையைச் சிறிய தொல்லையாக எண்ணாதீர்கள், சகோதரரே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே உள்ள சன்னல் வழியாக வெளியேறாமல் தரையோடு படர்ந்து, கட்டிலுக்கு அடியிலும் மூலைகளிலும் தேங்கி நிற்கும். கூரையில் எத்தனை காற்றுப்போக்கி வைத்தாலும், தரைமட்டத்தில் எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இல்லாவிட்டால் பயனில்லை. இரு பக்கமும் தரையை ஒட்டி, எப்போதும் மூட முடியாத வலையிட்ட திறப்புகளை வையுங்கள். சமையல் எரிவாயுவும் இதே போலக் கனமானதுதான் என்பதால், அடுப்பைப் பெட்டிக்கு வெளியே மட்டும் பற்றவையுங்கள். பேட்டரி, சுவிட்சு போன்ற பொறி பறக்கக்கூடிய எதையும் தரையோரம் வைக்காதீர்கள். பைக் உள்ளே நிற்கும் இரவில் யாரும் உள்ளே உறங்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். பழைய கார்பரேட்டர் வண்டியை ஏற்றுவதானால் டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் அடைப்பானை மூடிவிட்டு ஏற்றுங்கள்.

வெப்பத்திற்கு: கூரைக்கு வெள்ளைப் பூச்சும், தகட்டின் உட்புறம் 25 மில்லிமீட்டர் கெட்டி நுரைப் பலகையும் கொடுங்கள். இரும்புச் சட்டங்களின் மேலும் நுரை ஓட வேண்டும். சட்டங்களை விட்டுவிட்டு இடைவெளிகளை மட்டும் நிரப்பினால் அவற்றின் வழியாகவே சூடு உள்ளே இறங்கும். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, கூரைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டாவது தகடு போடுவது எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்யும்.

பதில்: சத்துவாச்சாரி, வாகனக் காப்பீட்டு ஆய்வுப் பணி

வேலையைத் தொடங்குமுன் பதிவுச் சான்றிதழைக் கையில் எடுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. போல்ட்டில் பூட்டிக் கழற்றக்கூடிய கட்டிலும், சேஸிஸை வெட்டி அமைக்கும் மாற்றமும் ஒன்றல்ல. ஆயினும் எது எந்தப் பக்கம் சேரும் என்பதை நீங்களாக முடிவுசெய்யாமல், வரைபடத்துடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள். வகைச் சான்று, அதாவது வண்டியின் அமைப்பு விதிகளுக்கு உட்பட்டது என்ற சான்று, தேவைப்படும் என்றால், அத்தகைய சோதனைகளைச் செய்யும் மத்திய அரசின் ஆய்வு மையம் ஒரகடத்தில் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். சரக்கு டிரெய்லர் என்று எடுத்த பாலிசி, தங்கும் வண்டியாக மாறியபின் விபத்து நேர்ந்தால் கேள்விக்குள்ளாகும். ஓடும்போது டிரெய்லருக்குள் எவரும், குழந்தைகள்கூட, இருக்கக் கூடாது.

காட்பாடி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, கழற்றக்கூடிய அமைப்பாகவே செய்வதென முடிவெடுத்தோம். கட்டிலை மடியும்படி மாற்றி, பைக்குகளை ஒன்றரை அடி முன்னால் நிறுத்தி, தொட்டியை இப்போதைக்கு ஆக்சிலுக்கு நேர் மேலே தற்காலிகமாகக் கட்டி எடை பார்த்ததில், கொக்கி மேல் 160 கிலோ வந்தது. பிக்கப்பின் கொக்கி அதைத் தாங்கும். வாணியம்பாடி வரை 70 கிலோமீட்டர் வேகத்தில் சென்று திரும்பினோம்; பேருந்துகள் கடந்தபோது ஒரு சிறு தள்ளலை உணர்ந்தோமேயன்றி ஆட்டம் தொடரவில்லை. தரையோரத் திறப்புகளும் வெட்டியாயிற்று. தொட்டியைத் தரைக்கு அடியில் மாட்டும் முறையையும், பெல்ட் மாட்டும் டி வளையங்களை எங்கே பொருத்துவது என்பதையும் ராணிப்பேட்டை ஐயா சொன்னால் வேலையை முடித்துவிடுவோம். இப்போது வளையங்கள் தரைப் பிளைவுட்டில் திருகாணியால் பூட்டப்பட்டுள்ளன.

ராணிப்பேட்டை:

அந்தத் திருகாணிகளை இன்றே கழற்றிவிடுங்கள், தம்பி. திடீர்ப் பிரேக்கில் 200 கிலோ பைக் இழுக்கும்போது பிளைவுட்டைப் பிய்த்துக்கொண்டு வளையம் கையோடு வந்துவிடும். வளையம் ஒவ்வொன்றும் தரைக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தின் மேல் அமைய வேண்டும். சட்டத்தோடு சேர்த்துப் போல்ட் போட்டு, அடியில் தடித்த தகடு கொடுத்து, தளராத நட்டால் இறுக்குங்கள்.

தொட்டிக்கு எல் ஆங்கிளில் தொட்டில் செய்து, சேஸிஸில் புதிதாக வெல்டிங் வைக்காமல், சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் யு போல்ட்டுகளால் தொங்கவிடுங்கள். உள்ளே தடுப்புப் பலகை உள்ள தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலையடித்தால் அதுவே வண்டியைத் தள்ளும். தொட்டியின் அடிப்பாகம் ஆக்சிலைவிடத் தாழ்ந்து வரக் கூடாது; வேகத்தடைகளில் முதலில் அடிபடுவது அதுவாகத்தான் இருக்கும். மாட்டி முடித்ததும், தொட்டியை நிரப்பி ஒருமுறையும் காலி செய்து ஒருமுறையும் தராசில் கொக்கி எடையைப் பார்த்து, இரண்டு எண்களையும் கதவின் உட்புறத்தில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.