சி-எஸ்-ஹெச் தூளில் எக்ஸ்.பி.எஸ்: சிலிக்கான் உச்சம் ஏன் மேலே போய் நிற்கிறது?

கேள்வி:
வணக்கம். சுண்ணாம்பையும் நுண் சிலிக்காவையும் தண்ணீரில் கலந்து, கால்சியம்-சிலிக்கான் விகிதம் 1.2 வரும்படி சி-எஸ்-ஹெச் (சிமெண்டைப் பிணைக்கும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்) தயாரித்தேன். வடிகட்டி, ஐசோபுரொப்பனாலில் கழுவி, காயவைத்து, மூடிய குப்பியில் எடுத்துப்போய் எக்ஸ்.பி.எஸ்-இல் (எக்ஸ் கதிர் பட்டு வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை வைத்து மேற்பரப்பை ஆராயும் முறை) அளந்தேன். அணு சதவீதம்: கால்சியம் 14, சிலிக்கான் 10.5, ஆக விகிதம் 1.33. கார்பன் 1எஸ்-இல் (1எஸ், 2பி என்பவை எலக்ட்ரான் கிளம்பும் மட்டங்கள்) மேற்பரப்பில் வழக்கமாக ஒட்டும் கார்பனின் 284.8 தவிர 289.6 எலக்ட்ரான் வோல்ட்டில் இன்னொரு உச்சம், அது மட்டும் 4 சதவீதம். சிலிக்கான் 2பி 102.7-இல் நிற்கிறது, நான் எதிர்பார்த்தது 102-க்குப் பக்கத்தில். எக்ஸ்.ஆர்.டி-யில் (படிகங்களை அடையாளம் காட்டும் எக்ஸ் கதிர் சோதனை) கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட் படிகம், தெரியவே இல்லை. ஆர்கான் அயனியால் மேல்படலத்தைச் சுரண்டிவிட்டு அளக்கலாமா?

பதில் 1:
சுரண்டாதீர்கள், தயவுசெய்து. ஆர்கான் அடித்தால் கார்பனேட்டும் சிதையும், சிலிக்கேட் சங்கிலியும் குலையும், அப்புறம் நீங்கள் பார்ப்பது அயனி செய்து வைத்த பொருளைத்தான். 289.6 என்பது கார்பனேட், காற்றின் கரியமில வாயு கால்சியத்தோடு சேர்ந்து உண்டானது. எக்ஸ்.ஆர்.டி தூள் முழுவதையும் பார்க்கிறது, எக்ஸ்.பி.எஸ்-ஓ மேலே 10 நானோமீட்டருக்குள் இருப்பதை மட்டும், அதனால் ஒன்றில் தெரிந்தது மற்றதில் தெரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு கார்பனேட் கார்பனுக்கு ஒரு கால்சியம் என்று கழித்தால் 14 − 4 = 10, அதை 10.5-ஆல் வகுத்தால் 0.95. மேற்பரப்பில் மிஞ்சிய சிலிக்கேட் சுண்ணாம்பை இழந்திருக்கிறது. கரியமில வாயு கால்சியத்தை உருவிக்கொண்டால் சிலிக்கேட் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து சிலிக்கா ஜெல்லை நோக்கிப் போகும், சிலிக்கான் உச்சமும் சிலிக்காவின் 103.5 பக்கம் நகரும். உங்கள் 102.7 அந்த வழியில்தான் இருக்கிறது.

கேட்டவர்:
புரிகிறது, நன்றி. ஆனால் அளக்கும்போது தூளில் சேரும் மின்னேற்றத்தால் உச்சம் தள்ளிப்போயிருக்காதா? 284.8 கார்பனை நம்பித்தான் எல்லாவற்றையும் திருத்தினேன்.

பதில் 2:
நல்ல சந்தேகம். அதற்குத்தான் கால்சியம் 2பி3/2-க்கும் சிலிக்கான் 2பி-க்கும் உள்ள இடைவெளியை எடுங்கள். மின்னேற்றம் இரண்டையும் ஒரே அளவு தள்ளும், வித்தியாசம் மாறாது. சிலிக்கேட் சங்கிலி நீள நீள அந்த இடைவெளி சுருங்கும். ஆனால் கார்பனேட் இருக்கும்போது அதன் கால்சியமும் அதே உச்சத்தில் கலந்துவிடும், அதனால் முதலில் தூளைக் காப்பாற்றுங்கள்: கொதிக்கவைத்து ஆறவைத்த நீர், நைட்ரஜன் கையுறைப் பெட்டி, அதற்குள் கரியமில வாயுவை உறிஞ்சக் கொஞ்சம் சோடா லைம், காற்றுப் படாமல் கருவிக்குள் நுழைக்கும் கலம். வடிகட்டும்போதும், காய்ந்த தூளைத் தாங்கியில் அமுக்கி ஒட்டும்போதும்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். சி-எஸ்-ஹெச் அவ்வளவு நுண்ணியது, திறந்த தட்டில் சும்மா வைத்தாலே மேல்படலம் மாறிவிடும்.

பதில் 1:
ஒன்று சேர்க்கிறேன். அடுத்து நிஜ சிமெண்ட் பசைக்குப் போனால் 293-க்கு அருகே பொட்டாசியம் 2பி வரும், அதைக் கார்பன் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். சங்கிலி நீளத்தை இதை மட்டும் வைத்துச் சொல்லவும் வேண்டாம். அதே தூளில் சிலிக்கான்-29 என்.எம்.ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) எடுங்கள், −79 பி.பி.எம்-இல் சங்கிலி முனைகளும் −85-இல் நடு அலகுகளும் தனித்தனியாகத் தெரியும்.

கேட்டவர்:
அடுத்த தொகுதியைப் பெட்டிக்குள்ளேயே வடிகட்டி, கலத்திலேயே கொண்டுபோகிறேன். பழைய தூளை வீசவில்லை, இரண்டையும் ஒரே நாளில் அளந்து இடைவெளியை இங்கே போடுகிறேன்.