கியூரேட்டர்: காப்பவரா, தொகுப்பவரா?

அனைவருக்கும் வணக்கம். கலை வரலாற்றுக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பக்கத்தில் சி. சிவராமமூர்த்தி வருகிறார். சென்னை அருங்காட்சியகத்தில் தொல்லியல் பிரிவைக் கவனித்தவர், அங்குள்ள அமராவதிச் சிற்பங்களைப் பற்றிய அவர் நூல் 1942இல் வெளிவந்தது. அடுத்த பக்கத்தில் அனிதா துபே, ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி-முசிறிஸ் பினாலேவுக்கு 2018இல் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தவர். ஆங்கிலத்தில் இருவருமே கியூரேட்டர். தமிழில் எப்படி?

சென்னையிலிருந்து:
இதில் என்னம்மா குழப்பம்? காப்பாட்சியர். அரசு அருங்காட்சியகங்களில் புழங்கும் பதவிப்பெயர்தான். வந்த பொருளைப் பதிவேட்டில் ஏற்றுவது, செப்புத்திருமேனியில் களிம்பு கண்டால் வேதியியல் பிரிவுக்கு அனுப்புவது, ஆராய்ந்து எழுதுவது, காட்சிக்கு வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

கோவையிலிருந்து:
ஆட்சியர் என்றதும் கலெக்டர் ஆபீஸ்தான் நினைவுக்கு வருகிறது. காப்பாளர் போதாதா?

சென்னையிலிருந்து:
காப்பாளர் மாணவர் விடுதியில் இருக்கிறார், ஐயா.

மதுரையிலிருந்து:
துபே எதைக் காத்தார்? பினாலேவுக்கு நிரந்தரச் சேகரிப்பே கிடையாது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஐந்து புலவர், திணைக்கு நூறு பாட்டு. மருதத்தை முதலில் நிறுத்தி முல்லையில் முடித்ததே ஒரு காட்சியமைப்புதான். கூடலூர் கிழார் கியூரேட்டர், சேரன் புரவலர். தன்வினை, பிறவினை இரண்டையும் நம் முன்னோர் அன்றே பிரித்துவிட்டார்கள். கலைஞர், கவிஞர் போலத் 'தொகைஞர்' என்று வைக்கலாம்.

கோவையிலிருந்து:
தொகைஞர் என்றால் வட்டிக்கடைக் கணக்கர் என்று நினைப்பார்கள். தொகுப்பாளர் என்றாலோ டிவியில் மைக் பிடிப்பவர். கியூரேட்டர் என்றே எழுதிவிட்டால் என்ன?

மதுரையிலிருந்து:
அப்புறம் எதற்கு மொழிபெயர்ப்பு?

யாழ்ப்பாணத்திலிருந்து:
நாங்கள் அருங்காட்சியகத்தையே நூதனசாலை என்றுதான் சொல்லிப் பழகினோம். பழைய பொருள்கள் இருக்கும் இடத்துக்கு நூதனம் என்று பெயர் வைத்தும் ஒருவரும் வழிதவறவில்லை. எந்தச் சொல்லும் புழங்கினால் நிற்கும்.

சென்னையிலிருந்து:
எங்கள் ஊரில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர். 1855இல் அதன் முதல் பொறுப்பாளர் பால்ஃபர் அதே வளாகத்தில் விலங்குகளையும் வைத்தார். பிறகு தனியே போன விலங்குக் காட்சிசாலை உயிர் காலேஜ் ஆனது. எந்தச் சொல்லாக்கக் குழு இப்படி யோசிக்கும்?

கோவையிலிருந்து:
சேப்பாக்கம் ஆடுகளத்தைப் பராமரிப்பவரும் கியூரேட்டர்தானே? அவர் காப்பாட்சியரா, தொகைஞரா?

மதுரையிலிருந்து:
கிரிக்கெட்டை இங்கே இழுக்காதீர்கள்.

அனைவருக்கும் நன்றி. பதிப்பாளர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். சிவராமமூர்த்திக்குக் காப்பாட்சியர், துபேக்குக் கண்காட்சித் தொகுப்பாளர் என்று போட்டு அனுப்பிவிட்டேன். ஆங்கிலத்தில் ஒன்றாக இருந்தால் தமிழிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே.

மதுரையிலிருந்து:
சரி, உங்கள் அவசரம் உங்களுக்கு. என் வகுப்பில் தொகைஞர்தான்.