நாய்க்குப் புரிவது சொல்லா, குரலா?

கேள்வி:
எங்கள் மணி நாட்டு நாய். "குளிக்கலாமா" என்று யார் வாயிலிருந்து வந்தாலும் போதும், கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. வால் நுனி மட்டும் வெளியே தெரியும். "உன் குரலுக்குத்தான் பயப்படுகிறது. வார்த்தையாவது, புரிவதாவது!" என்கிறார் கணவர். நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
இருவர் சொல்வதிலும் பாதி பாதி உண்மை இருக்கிறது. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் 13 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பயிற்சியாளரின் குரலைக் கேட்க வைத்தார்கள். ஆய்வு 2016இல் வெளிவந்தது. பாராட்டுச் சொல்லைக் கொஞ்சும் குரலில் சொன்னபோதுதான் மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி விழித்தது. அதே சொல்லை உணர்ச்சியில்லாமல் சொன்னாலும், சம்பந்தமில்லாத சொல்லைக் கொஞ்சிச் சொன்னாலும் அப்படி நடக்கவில்லை.

பதில் 2:
அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் வளர்த்த சேசர் என்ற நாய்க்கு 1,022 பொம்மைகளின் பெயர் தெரிந்திருந்தது. பழக்கமான பொம்மைகளுக்கு நடுவே புதிதாக ஒன்றை வைத்து, அதுவரை கேட்டிராத பெயரைச் சொன்னால், சரியாகப் புதியதைக் கவ்விக்கொண்டு வந்தது. ஆனால் அது பார்டர் கோலி என்ற, ஆடு மேய்க்கும் புத்திசாலி இனம்; தினமும் மணிக்கணக்கில் பயிற்சி. உடனே நம் வீட்டு நாயும் மேதை என்று கிளம்பிவிடக் கூடாது.

பதில் 3:
நீங்களே சோதிக்கலாமே? துண்டு, வாளி, உங்கள் முகம் எதுவும் மணியின் கண்ணில் படக் கூடாது. அடுத்த அறையிலிருந்து செய்தி வாசிப்பதுபோலச் சொல்லுங்கள். அதன் பாஷையையும் கவனியுங்கள்: தூக்கமில்லாத நேரத்துக் கொட்டாவி, மூக்கை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, இவையெல்லாம் பெரும்பாலும் கலக்கத்தின் அறிகுறிகள்.

கேள்வி கேட்டவர்:
சமையலறையிலிருந்து, மளிகைப் பட்டியல் படிக்கும் குரலில் சொன்னேன். முதலில் ஒரு கொட்டாவி, அப்புறம் கட்டிலடி. ஜெயித்துவிட்டேன் என்று பார்த்தால், கணவர் அதே குரலில் "குடிக்கலாமா" என்றார். அதற்கும் ஓடியது!

பதில் 1:
அதிலும் வியப்பில்லை. தெரிந்த சொல்லில் ஒரே ஓர் ஒலியை மாற்றினால், நாயின் மூளை அலைகளில் வேறுபாடு தெரியவில்லை. அடியோடு வேறான சொல்லுக்குத் தெரிந்தது. இதுவும் புடாபெஸ்ட் ஆய்வுதான், 2020. கணவரை "முருங்கைக்காய்" என்று சொல்லச் சொல்லுங்கள். ஆனால் சோதனையை நீட்டாதீர்கள். குளியல் வராமல் சொல் மட்டும் வந்துகொண்டே இருந்தால், மணி அதைச் சட்டை செய்வதையே விட்டுவிடும்.